"சேர்த்துப்பாங்களா?" வடசென்னையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று 16 வருடமாகப் பால்வாடிகளுக்கும் சின்ன நர்சரிப் பள்ளிகளுக்கும் சிறப்பாசிரியையாகப் போய் வருகிறேன். பேச்சு தாமதம், காது கேட்பதில் குறை, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், டவுன் சிண்ட்ரோம் என்று ஏதோ ஒன்றுள்ள குழந்தைகள் மற்ற பிள்ளைகளோடு ஒரே பாயில் உட்கார்ந்து வளரத் துணைநிற்பது என் வேலை. ஆஸ்பத்திரி வரிசையிலும், வீட்டு வாசற்படியிலும், பால்வாடி மூடும் நேரத்திலும் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன்.

"புள்ளைக்கு ரெண்டரை வயசு, இன்னும் பேசலை. அவங்கப்பாவே மூணு வயசுலதான் பேசுனாராம். தானா வந்துடும்னு எங்க ஆயா சொல்லுது. வெயிட் பண்ணலாமா?"

வேண்டாம். இந்த வாரமே காதைச் சோதித்துவிடுங்கள்.

தாமதமாகப் பேச ஆரம்பித்து, பிறகு வாய் ஓயாமல் பேசிய பிள்ளைகள் உண்டு. ஆயா சொல்வது பொய்யில்லை. ஆனால் எந்தப் பிள்ளை தானாகப் பேசும், எந்தப் பிள்ளைக்கு உதவி வேண்டும் என்று வாசலில் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. சோதித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று வந்தால் நஷ்டம் ஒரு நாள் கூலி. காத்திருந்த பிறகு குறை தெரிந்தால் நஷ்டம் அந்தப் பிள்ளையின் ஒன்றரை வருடம். மூளை மொழியை வேகமாக வாங்கிக்கொள்கிற வருடங்கள் அவை.

"தட்டைத் தட்டினால் திரும்புகிறானே, காது கேட்கிறதே" என்பார்கள். தட்டுச் சத்தம் கேட்கிற பிள்ளைக்கு 'ச', 'த', 'ப' என்ற மெல்லிய பேச்சொலிகள் கேட்காமல் இருக்கலாம். கதவு அடித்தால் தரையின் அதிர்வை உணர்ந்தே திரும்பும் பிள்ளைகளும் உண்டு. தூங்க வைத்து, தலையில் சின்ன ஒயர்களை ஒட்டிச் செய்யும் 'பெரா' சோதனைதான் இதைத் தெளிவாகச் சொல்லும். வலி கிடையாது. நம் பகுதிக்கு ஸ்டான்லி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் தொடங்குங்கள். காது கேட்கும் கருவி போதாத குழந்தைக்கு, உள்காதில் கருவி பொருத்தும் 'காக்ளியர்' அறுவை சிகிச்சை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் செய்யப்படுகிறது. அதற்கு வயது 6க்குள் இருக்க வேண்டும். நான்கு வயது வரை "தானா வந்துடும்" என்று இருந்துவிட்டு, ஓட்டமாய் ஓடிய ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்த ஓட்டம் உங்களுக்கு வேண்டாம்.

மனதில் வைத்துக்கொள்ளச் சில அடையாளங்கள் உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் 1 வயதுக்குள் திரும்ப வேண்டும். 18 மாதத்தில் தனியாக நடக்க வேண்டும், வேண்டியதை விரலால் சுட்டிக் காட்ட வேண்டும். 2 வயதில் "அம்மா பால்", "அப்பா போச்சு" என்று இரண்டு சொல் சேர வேண்டும். எந்த வயதானாலும் சரி, பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை விட்டுவிட்டால் ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள்.

"நடக்கவே இல்லை. இவளைப் பால்வாடியில சேர்த்துப்பாங்களா?"

சேர்க்க வேண்டும். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் கீழ் நடப்பவை இந்த மையங்கள். 6 வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் உரியவை. நடக்கிற குழந்தைக்கு மட்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளை அங்கன்வாடியில் எப்படிக் கண்டறிந்து சேர்த்துக்கொள்வது என்று மத்திய அரசு 2023 நவம்பரில் தனியாக ஒரு வழிகாட்டு நெறிமுறையே வெளியிட்டது. சத்துமாவு, மதியச் சாப்பாடு, வாரம் 3 முட்டை எல்லாம் உங்கள் மகளுக்கும் உரியவை.

பலருக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது. தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை பால்வாடிக்கு வந்து எல்லாக் குழந்தைகளையும் பார்க்கும். பிறவிக் குறை, சத்துக் குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம் என்ற நான்கையும் தேடித்தான் வருகிறார்கள். குறை தெரிந்தால் ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு, அதாவது சின்ன வயதிலேயே சிகிச்சையும் பயிற்சியும் தரும் இடத்துக்கு, அனுப்புவார்கள். வீட்டிலேயே வைத்திருக்கும் பிள்ளை அந்தக் குழுவின் கண்ணில் படாமலே போய்விடும். டீச்சரிடம் "டாக்டர் டீம் என்னைக்கு வருது?" என்று கேட்டு, அன்றைக்குக் கட்டாயம் அழைத்துப் போங்கள்.

"கொஞ்சம் நடந்ததும் சேர்க்கலாம்" என்று நினைக்கும் அம்மாக்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். எதிரே நாலு பிள்ளை ஓடுவதைப் பார்த்துத்தான் தவழ்கிற பிள்ளைக்கு எழுந்து நிற்கும் ஆசை வரும். நடந்த பிறகு சேர்ப்போம் என்றால், நடக்கத் தூண்டும் இடத்தை மூடி வைக்கிறோம்.

"எல்.கே.ஜி.க்குப் போனோம். 'உங்க குழந்தைக்கு ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்க'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. சட்டம் ஏதாவது இருக்கா?"

இருக்கிறது. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 16ஆம் பிரிவைக் குறித்துக்கொள்ளுங்கள். அரசு நிதி பெறும் பள்ளியும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியும் பாகுபாடு காட்டாமல் சேர்க்க வேண்டும், கட்டடமும் கழிப்பறையும் குழந்தை பயன்படுத்தும்படி இருக்க வேண்டும், தேவைக்கேற்ற ஏற்பாடுகள் செய்ய வேண்டும் என்கிறது அது. 2009இன் கல்வி உரிமைச் சட்டம், சேர்க்கைக்காகக் குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைக்கக் கூடாது என்கிறது. அதே சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் நலிந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கும் ஒதுக்கப்பட வேண்டும். 2012இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு' என்பதில் வருகிறார்கள். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அந்த 25 சதவீதம் பொருந்தாது. ராயபுரம் பக்கம் அப்படிப்பட்ட பள்ளிகள் நிறைய என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன்.

நடைமுறையில் நான் செய்யச் சொல்வது இது. வாய்மொழியாக "இல்லை" என்றால் கோபப்படாமல், "எந்தக் காரணத்துக்காகச் சேர்க்க முடியாது என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். எழுதித் தரப் பெரும்பாலும் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தில்தான் பேச்சு மறுபடி தொடங்கும். எழுதிக் கொடுத்துவிட்டால், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் கொடுக்க அந்தக் காகிதமே போதும்.

சண்டை போட்டு வாங்கிய இடத்தில் பிள்ளை சந்தோஷமாக இருக்குமா என்ற கவலை நியாயமானது. அதனால் நான் இரண்டு பள்ளிகளைப் பார்க்கச் சொல்வேன். பிள்ளையைக் கண்டதும் டீச்சர் உங்களிடம் பேசுகிறாரா, குனிந்து பிள்ளையிடம் பேசுகிறாரா என்று கவனியுங்கள். கட்டடத்தைவிட அது முக்கியம்.

சிறப்புப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதும் உங்கள் உரிமைதான். சைகை மொழியோ, நாள்தோறும் பல மணி நேரப் பயிற்சியோ தேவைப்படும் குழந்தைக்குச் சில வருடம் அதுவே நல்லதாக இருக்கலாம். அதை நீங்கள் யோசித்து எடுக்க வேண்டும். பள்ளி வாசலில் நிற்கும் ஒருவர் உங்களுக்காக எடுக்கக் கூடாது.

"மேடம், 25 பிள்ளைங்க. நானும் ஆயாவும்தான். இதுல இவனையும் எப்படிப் பார்க்கிறது?"

பால்வாடி டீச்சர்கள் கேட்கும் கேள்வி. எடை போட்டு, பதிவேடு எழுதி, செல்போன் செயலியில் ஏற்றி, சமையலையும் பார்த்துக்கொண்டு கேட்கிறார்கள். அவர்கள் சோர்வு உண்மையானது. இன்னொரு ஆள் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரைக்கும் நான் கண்ணால் பார்த்து நம்புகிற சில வழிகளைச் சொல்கிறேன்.

முதலில் உட்காரும் இடம். இப்படிப்பட்ட பிள்ளையை அநேகமாகச் சுவரோரம், பாயின் கடைசியில் பார்க்கிறேன். தொந்தரவு இல்லாமல் இருக்கட்டும் என்று வைப்பது. அங்கே டீச்சரின் முகமும் தெரியாது, குரலும் பாதிதான் எட்டும். உங்கள் முழங்காலுக்கு எதிரே உட்கார வையுங்கள். அதற்குமேல் ஒன்றும் செய்யாவிட்டாலும் வித்தியாசம் தெரியும்.

அடுத்தது படப்பட்டை. பழைய காலண்டர் அட்டையில் அன்றைய நாளை வரிசையாக வரையுங்கள்: பாய், பாட்டு, சாப்பாட்டுத் தட்டு, தலையணை, கடைசியில் வீட்டுக்குப் போகும் நேரத்துக்குச் செருப்பு. ஒவ்வொன்று முடிந்ததும் ஒரு துணிக் கிளிப்பை அடுத்த படத்துக்கு நகர்த்துங்கள். ஆட்டிசம் உள்ள ஒரு பையன் தூங்கும் நேரம் வந்தாலே வீறிட்டு அழுவான். அம்மா எப்போது வருவாள் என்பது அவனுக்குத் தெரியவில்லை. தலையணைக்குப் பக்கத்தில் செருப்பு இருப்பதை ஒரு வாரம் தினமும் காட்டிய பிறகு, படுக்கும் முன் தானே போய் அந்தச் செருப்பைத் தொட்டுவிட்டு வந்து படுக்க ஆரம்பித்தான். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கும். அந்தப் பட்டை அவனுக்காக வரைந்தது. கிளிப்பை நகர்த்த மற்ற பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்.

மூன்றாவது, காத்திருப்பது. ஒன்று சொன்னால் ஒன்று மட்டும் சொல்லுங்கள். "டம்ளரை எடு." பிறகு மனதுக்குள் 10 வரை எண்ணுங்கள். நாம் மூன்று எண்ணும் முன்பே "எடு, எடுடா, எடுக்கச் சொன்னேன்ல" என்று அடுக்கிவிடுகிறோம். முதல் சொல்லை அப்போதுதான் பிடித்த பிள்ளைக்கு எல்லாம் குழம்பிவிடும். நம்ம வீட்டு ஆயாக்கள் விளையாடும் 'பருப்பு கடைஞ்சு' இதற்கு அருமையான பயிற்சி. உள்ளங்கையில் கடைந்து, ஒவ்வொரு விரலுக்கும் ஊட்டி, "நண்டூறுது" என்று தொடங்கும் முன் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். பேசாத பிள்ளை கண்ணைப் பார்க்கும், அல்லது கையை நீட்டும், அல்லது 'ந்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். அதுதான் அதன் பேச்சு. அதற்குப் பதிலாக உடனே நண்டு ஊற வேண்டும்!

கை பலமில்லாத பிள்ளையின் கிரேயானிலும் ஸ்பூனிலும் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றுங்கள், பிடி கிடைக்கும். உடம்பு சரிந்துவிழும் பிள்ளைக்கு முதுகையும் இரண்டு பக்கத்தையும் தாங்கும் மூலை நாற்காலி வேண்டும், தச்சரிடம் ஒட்டுப்பலகையில் செய்துகொள்ளலாம். காசிமேட்டுப் பக்கம் ஒரு அப்பா பிளாஸ்டிக் மீன் பெட்டியின் ஒரு பக்கத்தை அறுத்து, விளிம்பைத் தேய்த்து, பழைய புடவையைத் திணித்துக் கொண்டுவந்தார். உயரமும் சாய்மானமும் சரியா என்று இயன்முறை மருத்துவர் ஒருமுறை பார்த்துச் சொன்னார். அந்தப் பெண் அதில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் விடுவித்து, முதன்முதலாகத் தானே இட்லி எடுத்துச் சாப்பிட்டாள்.

ஒரு எச்சரிக்கை. கெட்டிக்காரக் குழந்தையைக் கூப்பிட்டு "நீதான் இவனைப் பார்த்துக்கணும்" என்று பொறுப்புக் கட்டாதீர்கள். நாலு வயசுப் பிள்ளை நர்ஸ் ஆகிவிடும், இவன் நோயாளி ஆகிவிடுவான். இரண்டு பேர் சேர்ந்தால்தான் முடிகிற வேலையைக் கொடுங்கள். ஒருவன் வாளியைப் பிடிக்க, இன்னொருவன் மணலைப் போடட்டும்.

"அந்தப் பையனைப் பார்த்து எம்புள்ளையும் கத்துறான். இவன் படிப்பு கெட்டுடாதா?"

இதைக் கேட்கும் அம்மாக்களைக் கல் நெஞ்சக்காரர்கள் என்று நான் நினைப்பதில்லை. கஷ்டப்பட்டுச் சம்பாதித்துப் பிள்ளையை அனுப்புகிறார்கள், பயம் வருவது இயற்கை. கத்துவதைப் பார்த்துச் சில நாள் கத்துவார்கள், உண்மைதான். யாரும் பெரிதுபடுத்தாவிட்டால் அதுவாக அடங்கிவிடும். இந்த வயதுப் படிப்பு என்பது ஏ, பி, சி எழுதுவது இல்லை. முறை வரும்வரை காத்திருப்பது, பங்கு போடுவது, எதிரே இருப்பவன் முகத்தைப் படிப்பதுதான் படிப்பு. பேசாத ஒருவனோடு விளையாடத் தெரிந்த பிள்ளை இவை எல்லாவற்றிலும் முன்னால் நிற்கிறது. நிதானமாகப் பேசும் டீச்சர், படம் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நாள், சத்தம் குறைந்த அறை எல்லாம் உங்கள் பிள்ளைக்கும்தான் கிடைக்கின்றன.

"கடிக்கிறான், முடியைப் பிடிச்சு இழுக்கிறான். அடிச்சா அடங்குவானா?"

அடங்க மாட்டான். சொல்லத் தெரியாததைப் பல்லால் சொல்கிறான். ஒரு நோட்டில் ஐந்து நாள் மட்டும் எழுதுங்கள்: கடிப்பதற்கு முன் என்ன நடந்தது, கடித்த பின் என்ன கிடைத்தது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மையத்தில் அப்படி எழுதிப் பார்த்தோம். பெரும்பாலும் கூட்ஸ் வண்டி ஹாரன் அடிக்கும் நேரமாகவே இருந்தது. அந்தப் பிள்ளைக்கு அந்தச் சத்தம் தாங்கவில்லை. பாயை ரயில் பக்கத்து ஜன்னலிலிருந்து தள்ளிப் போட்டு, ஹாரன் கேட்டால் எல்லாருமே காதைப் பொத்திக்கொள்ளும் விளையாட்டாக ஆக்கினார் டீச்சர். கடிப்பது குறைந்தது. பசி, தூக்கம், பல்வலி, காதுவலி ஆகியவற்றையும் முதலில் பாருங்கள்.

"வீட்ல தெலுங்கு பேசுறோம். அதனாலதான் பேச்சு வரலை, தமிழ் மட்டும் பேசுங்கன்னு சொல்றாங்க."

வீட்டில் தெலுங்கே பேசுங்கள். உருதுவோ இந்தியோ ஆனாலும் அப்படியே. இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. அம்மாவுக்குக் கொஞ்சவும் கதை சொல்லவும் வருகிற மொழியைப் பிடுங்கிவிட்டால் பிள்ளைக்குக் கிடைக்கும் பேச்சே பாதியாகிவிடும். எத்தனை சொல் தெரியும் என்று கணக்குப் போடும்போது இரண்டு மொழிச் சொற்களையும் கூட்டிச் சொல்லுங்கள். டீச்சருக்கு ஒரு வேண்டுகோள்: 'தண்ணீர்', 'பசி', 'பாத்ரூம்', 'வலி', 'அம்மா வருவாங்க' ஆகியவற்றுக்கு அந்தப் பிள்ளையின் வீட்டுச் சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள்.

"சர்ட்டிபிகேட் எடுத்தா முத்திரை குத்திடுவாங்களோ? நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வந்தா?"

மூன்று வயசுப் பெண்ணின் கல்யாணத்தை நினைத்து அழுத அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பயம் புரிகிறது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் ஒரு சாவி, அவ்வளவுதான். தேவைப்படும் கதவில் போட்டுத் திறக்கலாம், எல்லாரிடமும் காட்ட வேண்டியதில்லை. சின்னக் குழந்தைகளுக்குப் பல குறைபாடுகளில் தற்காலிகமாகவே தருகிறார்கள். வளர்ந்ததும் மறுபடி மதிப்பிடுவார்கள், அதில் போடும் பாதிப்பின் சதவீதம் மாறலாம்.

40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் பெரும்பாலான உதவிகளுக்குத் தகுதி வரும். தேசிய அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பித்துவிட்டு அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும். கடுமையான பாதிப்புள்ளவர்களுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 'நிரமயா' காப்பீட்டில் வருடம் 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபிச் செலவும் அதில் அடங்கும். இது பலருக்குத் தெரிவதே இல்லை.

"தெரபிக்கு அவ்வளவு தூரம் எப்படிப் போறது?"

தெற்கே இருக்கும் வசதி வடக்கே இல்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். பல்வகைக் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில் இருக்கிறது. எண்ணூரிலிருந்து பார்த்தால் நகரத்தின் மறுகோடி. ஒருமுறை போய் முழு மதிப்பீடு செய்துகொள்வது நல்லது. வாராவாரம் போக முடியாது. ஸ்டான்லியையும், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையையும், மாற்றுத்திறனாளிகள் நலத்துறை நிதியோடு தொண்டு நிறுவனங்கள் நடத்தும் ஆரம்ப நிலைப் பயிற்சி மையங்களையும் கேளுங்கள். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லை. மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் அப்படியே. மகனைக் கூட்டிப் போகும் அப்பாக்கள் இதைக் கவனியுங்கள்.

வாரத்தில் முக்கால் மணி நேரத் தெரபி, மீதி நேரத்தில் நடப்பதற்கு வழிகாட்டத்தான். தெரபிஸ்ட்டிடம் "இந்த வாரம் குளிப்பாட்டும்போது என்ன செய்யட்டும்? சோறு ஊட்டும்போது என்ன செய்யட்டும்?" என்று கேட்டு வாங்கி வாருங்கள். மீன் விற்கவும் வீட்டு வேலைக்கும் போகும் அம்மாவுக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஏது?

"கயிறு மந்திரிச்சுக் கட்டியிருக்கோம். தேனும் வசம்பும் தடவலாமா?"

வடிவுடையம்மனிடம் வேண்டிக்கொள்ளுங்கள், தர்காவில் ஓதிக் கயிறு கட்டுங்கள், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்ளுங்கள். உங்களுக்குத் தெம்பு தருவதை நான் தடுக்க மாட்டேன். அந்த வாரமே ஆஸ்பத்திரிக்கும் போங்கள். 1 வயதுக்குள் மட்டும் தேன் கூடவே கூடாது. உடம்பைத் தளரச் செய்யும் கிருமி நஞ்சு அதிலிருந்து வரலாம். நாக்கில் தேய்த்துப் பேச்சு வருவதில்லை.

"செல்போன் கொடுத்தாத்தான் சாப்பிடுறான்."

2 வயதுக்குள் வேண்டாம், அதற்கு மேல் 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே நாளில் பிடுங்காதீர்கள். முதலில் ராத்திரிச் சோற்றுக்கு மட்டும் நிறுத்துங்கள்.

"ஜூன்ல ஒண்ணாங்கிளாஸ் போகணும். அங்கே யார் இவனைப் புரிஞ்சுப்பாங்க?"

6 முதல் 18 வயது வரை, 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்புள்ள குழந்தைக்கு அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி சட்டப்படி உண்டு. அரசுப் பள்ளிகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்பாசிரியர்கள் சுற்றி வருகிறார்கள். சேர்க்கும் அன்றே "எங்கள் பள்ளிக்கு எந்தக் கிழமை வருவார்?" என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். மே மாதத்தில் நாலைந்து சாயங்காலம் அந்தப் பள்ளி வாசல் வரை நடந்து போய்விட்டு வாருங்கள். கேட், மரம், தண்ணீர்க் குழாய் எல்லாம் கண்ணுக்குப் பழகட்டும்.

கூடவே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். நோயின் பெயர் ஒரு வரி போதும், மீதியெல்லாம் பிள்ளையைப் பற்றி. பால்வாடி டீச்சரையும் சேர்த்து உட்கார வைத்து நாங்கள் எழுதிய ஒன்று இப்படி இருந்தது: "தோளைத் தொட்டுவிட்டுக் கூப்பிட்டால் திரும்புவான். பாத்ரூம் போகணும்னா சட்டை நுனியைத் திருகுவான். சாம்பார் சோற்றில் முருங்கைக்காய் இருந்தால் எடுத்துவிடுங்கள், தொண்டையில் சிக்கும். கோபம் வந்தால் தூக்காதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். கப்பல் படம் வரைந்து காட்டினால் சிரிப்பான்."

அதை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று டீச்சருக்கு, இன்னொன்று சத்துணவு ஆயாவுக்கு.